மூன்று தலைமுறைக்கு மேல் நமக்கு எதுவும் கிடைக்காதா?

கேள்வி: 2023 ஜூன் 4

வெள்ளைக்காரனுக்குச் சர்ச் பதிவேடு இருக்கிறது, குடும்பப் பெயர் இருக்கிறது. நமக்கு? அப்பா பெயரில் ஓர் எழுத்து, அதோடு சரி. தாத்தாவின் அப்பாவைத் தாண்டி ஒரு தமிழன் பின்னால் போகவே முடியாது. சாதிச் சங்கம் அச்சடித்த புத்தகத்தை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. இல்லை, போக முடியும் என்பவர்கள் எப்படி என்று சொல்லுங்கள் பார்க்கலாம்.

2023 ஜூன் 4, இரவு

முடியும். நீங்கள் பெயரைப் பிடித்துக்கொண்டு ஏறப் பார்க்கிறீர்கள், அதனால்தான் மூன்றாவது படியில் முட்டுகிறது. பெயர் எதற்கும் உதவாது. என் அப்பா வழியில் முனுசாமி, ஏழுமலை, முனுசாமி, ஏழுமலை என்று தாத்தா பெயர் பேரனுக்கு மாறி மாறி வருகிறது. பங்காளி வீடுகளிலும் அதே கதை. ஒரே தெருவில் ஒரே காலத்தில் நாலைந்து ஏழுமலை. யார் யாருக்குப் பிறந்தவர் என்பதை நிலம் சொல்லும், பெயர் சொல்லாது.

வீட்டு டிரங்குப் பெட்டியில் மூலப்பத்திரம் இருக்கும். முதலில் அதை எடுங்கள்.

2023 ஜூன் 6

"பத்திரத்தில் என்ன இருக்கப் போகிறது, விலையும் சர்வே நம்பரும்தானே" என்று கேட்டிருந்தார்கள்.

நாலெல்லையைப் படியுங்கள். "இன்னார் பாகத்துக்கு வடக்கு, இன்னார் பாகத்துக்குத் தெற்கு" என்று எழுதியிருப்பார்கள். அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்ட நிலத்தில் பக்கத்து வயல்காரர் பெரும்பாலும் பங்காளியாகத்தான் இருப்பார். எல்லை சொல்லும் வரி என்று நாம் தாண்டிப் போவதில் பாதி வம்சாவளி கிடக்கிறது. பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் மைனர் பிள்ளைகளின் பெயர், அவர்களுக்குக் கார்டியனாகக் கையெழுத்தோ கைநாட்டோ போட்ட தாயின் பெயர், அந்தத் தாயின் தகப்பன் பெயர்கூட வரும்.

வீட்டில் எதுவும் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய வில்லங்கச் சான்றுக்கு மனு போட வேண்டும். இணையத்தில் கிடைப்பது கணினியில் ஏற்றிய ஆண்டுகளுக்கு மட்டும். அதற்கு முந்தையதை மேனுவலாகத்தான் தேடித் தருவார்கள். எண்பதுகளில் நிலக் கணக்கைப் புதுப்பிக்கும் யூ.டி.ஆர். திட்டம் வந்தபோது பல ஊர்களில் சர்வே நம்பர் மாறிவிட்டது. பழைய நம்பரையும் புதிய நம்பரையும் இணைக்கும் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் அடுத்தவர் வயலின் வில்லங்கம் உங்கள் கைக்கு வரும்.

2023 ஜூன் 6, பிற்பாடு

தேதி விஷயத்தைச் சொல்ல விட்டுப்போயிற்று. பழைய ஓலையிலும் கைச்சீட்டிலும் "தாது வருஷம் தை மாதம்" என்று மட்டும் இருக்கும். தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வருகிறது. தாது என்றால் 1876 ஆகவும் இருக்கலாம், 1936 ஆகவும் இருக்கலாம். ஒரு தலைமுறையே இடம் மாறிவிடும். அதிலும் வருஷம் சித்திரையில் பிறப்பதால், முதல் தாதுவின் தை மாதம் 1877 ஜனவரியில் வரும். வருவாய்த் துறைக் கணக்கு பசலி என்ற ஆண்டு முறையில் இருக்கும். பசலி ஜூலையில் தொடங்கும், 590ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்: பசலி 1286 என்றால் 1876–77. திருநெல்வேலிக்குத் தெற்கே போனால் கொல்லம் ஆண்டு, அதற்கு ஆண்டுத் தொடக்கத்திலிருந்து டிசம்பர் வரை 824ஐயும், ஜனவரிக்குப் பிறகு 825ஐயும் கூட்ட வேண்டும்.

எண்களும் ஆளைக் கவிழ்க்கும். ௧ பார்க்க க போல, ௨ பார்க்க உ போல, ௭ பார்க்க எ போல. ௸ என்று ஒரு சுழி வந்தால் அது "மேற்படி". அதை யாரோ ஒரு மூதாதையின் இனிஷியல் என்று நினைத்துக் குடும்ப மரத்தில் ஏற்றியவர் எனக்குத் தெரிந்தவர்தான். பெயர் சொல்ல மாட்டேன், இந்த இழையை அவரும் படிக்கிறார்.

2023 ஜூன் 11

"நிலமே இல்லாதவர்கள் என்ன செய்வது? நீங்கள் சொல்வதெல்லாம் பட்டாக்காரர்களுக்கான வழி."

இந்த இழையில் இதுவரை வந்ததில் சரியான அடி இதுதான். பண்ணையாளாக இருந்தவரின் பெயர் பத்திரத்தில் வராது. 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்துக்கு முன்னாலும் எழுதினார்கள், ஆனால் எழுதியது கிராம அதிகாரி. எந்தத் தெருவுக்கு எவ்வளவு அக்கறையாகப் போய் எழுதினார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. எழுதிய இடத்திலும் "ஆண் குழந்தை, தகப்பன் இன்னார்" என்று மட்டும் இருக்கும். பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவதால் குழந்தையின் பெயர்க் கட்டம் காலி. 1980இல் பரம்பரைக் கிராம அதிகாரிகளான கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தபோது சில ஊர்களில் கணக்குகள் தாலுகாவுக்குப் போகாமல் பழைய கர்ணத்தின் வீட்டுப் பரணிலேயே தங்கிவிட்டன. கரையான் தின்றது போக மிச்சம் அங்கே இருக்கிறது. மரியாதையாகக் கேட்டால் காட்டுவார்கள். குடிக்கக் காப்பி கொடுத்துவிட்டு இல்லையென்று சொல்பவர்களும் உண்டு.

ஆனால் நிலமில்லாதவர்களில் ஒரு பிரிவினருக்கு ஜமீன்தாருக்குக்கூட இல்லாத அளவுக்கு எழுத்து இருக்கிறது. கப்பலேறியவர்கள்.

2023 ஜூன் 12

நேற்று பாதியில் நிறுத்தியதை முடிக்கிறேன்.

1860 நவம்பர் 16இல் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை டர்பன் இருக்கும் நட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகம் வழியாகத்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண். கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் அடையாளம்.

எங்கள் வீட்டில் ஒரு பழங்கதை உண்டு. கொள்ளுத்தாத்தாவின் தம்பி அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு "மொரீசுக்கு" ஓடிப்போனார் என்று. அந்தக் காலத்துக் கிழவிகளுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் மொரீசு. அதை நம்பி மொரீஷியஸ் பக்கமே தேடிக்கொண்டிருந்தேன். சில வருஷங்களுக்கு முன் டர்பனிலிருந்து ஒரு பெண்மணி எழுதினார். அவருடைய குடும்பப் பெயரே மூன்சாமி, அதாவது அங்கே போன முதல் ஆளின் பெயர் அப்படியே குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. பட்டியலின் படத்தை அனுப்பினார். 1896. முனுசாமி, தகப்பன் ஏழுமலை, வயது 22, வட ஆர்க்காடு ஜில்லா, போளூர் தாலுகா, ஐந்தடி நாலங்குலம், இடது புருவத்தில் தழும்பு.

யோசித்துப் பாருங்கள். ஊரிலேயே இருந்து, நிலத்தை ஆண்டு, பேரன் பேத்தி எடுத்துச் செத்த என் கொள்ளுத்தாத்தா நெட்டையா குட்டையா என்று எனக்குத் தெரியாது. பிறந்த வருஷம்கூடத் தெரியாது. ஓடிப்போன தம்பியின் புருவத்துத் தழும்பு தெரியும்.

2023 ஜூன் 13

மூன்று பேர் ஒரே மாதிரி எழுதிவிட்டார்கள்: "ஏழுமலை மகன் முனுசாமி போளூர் தாலுகாவில் ஆயிரம் பேர் இருந்திருப்பார்களே, அவர்தான் இவர் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?"

அந்தப் பட்டியலை மட்டும் வைத்து நானும் சொல்லவில்லை. கிராமத்தின் பெயர் குமாஸ்தாவின் காதுக்குக் கேட்டபடி எழுதப்பட்டிருக்கிறது, மூன்று நான்கு ஊர்களுக்குப் பொருந்தும். எனக்கு நம்பிக்கை வந்தது எங்கள் வீட்டுப் பத்திரத்தால். ருத்ரோத்காரி வருஷம் ஆவணி மாதம், அதாவது 1923. கொள்ளுத்தாத்தாவின் பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொண்டபோது எழுதியது. அதில் ஒரு வரி: "நமது சிற்றப்பன் முனுசாமி தேசாந்தரம் போய் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக யாதொரு தகவலும் இல்லாதபடியால்". அவர் பங்கையும் சேர்த்துப் பிரித்துக்கொண்டார்கள். ஆண்டுக் கணக்கு ஒத்துவருகிறது. நூற்றுக்கு நூறு என்று சொல்ல மாட்டேன்.

2023 ஜூன் 15

இதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். இங்கே இதுவரை எழுதியவர்களின் மூதாதையரை எண்ணிப் பார்த்தேன். தளபதிகள், பாளையக்காரர்கள், ராஜாவுக்கு வைத்தியர், ராஜாவுக்குக் குரு. நாற்று நட்டவர் ஒருவரும் இல்லை. அப்படியானால் அந்தத் தளபதிகள் எல்லாம் சாப்பிட்டது என்ன?

2023 ஜூலை 2

வேறு கடல்களைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, தெரிந்த வரை.

மொரீஷியஸ்: மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இந்தியக் குடியேற்ற ஆவணங்கள் இருக்கின்றன. குடியேறியவரின் எண் தெரிந்தால் வேலை சுலபம். 1860களில் தொடங்கிப் பலருக்குப் புகைப்படமும் உண்டு. போர்ட் லூயியில் அவர்கள் இறங்கிய ஆப்ரவாசி காட் 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே போவது கண் கலங்க. தேடுவதற்கு மோக்காதான்.

ஃபிஜி: சென்னையிலிருந்து ஆள் எடுத்தது 1903க்குப் பிறகுதான். அதற்கு முன் போனவர்கள் கல்கத்தா வழி. ஆக உங்கள் ஆள் தமிழர் என்றால் தேட வேண்டிய காலம் குறுகியது, அது ஒரு வசதி. ஆளுக்கொரு குடியேற்றச் சீட்டு உண்டு, ஊர் பெயரோடு.

புதுச்சேரி, காரைக்கால்: பிரெஞ்சு நிர்வாகத்தின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைப் பிரான்சின் ஏக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள காப்பகம் இணையத்தில் பக்கம் பக்கமாகப் போட்டிருக்கிறது. கையெழுத்து பிரெஞ்சு, பெயர்கள் நம்முடையவை. ரீயூனியன், குவாதலூப் போனவர்களின் வேரைப் பிடிக்க நினைப்பவர்களும் இங்கே ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும்.

மலாயா கஷ்டம். அங்கே பெரும்பாலும் கங்காணி, அதாவது ஆள் பிடிக்கும் மேஸ்திரி, வந்து சொந்தபந்தத்தையே கூட்டிக்கொண்டு போனார். நட்டால் மாதிரி ஒவ்வொருவரின் தழும்பையும் யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அதே காரணத்தால் வேறு ஒரு வழி திறக்கிறது: தோட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எந்த ஊர் என்று விசாரித்தால், பாதிப் பேர் கங்காணியின் ஊரைச் சுற்றியவர்களாகத்தான் இருப்பார்கள். உங்கள் ஊர் தெரியாவிட்டால் கங்காணியின் ஊரைத் தேடுங்கள்.

இலங்கை மலையகம் இதே கங்காணி முறைதான், கூடவே கப்பலேறும் முன் ஆட்களைத் தங்கவைத்த மண்டபம் முகாம். அது பற்றித் தனியாக எழுதுகிறேன்.

2023 ஜூலை 3

மலையகம். என் நண்பரின் குடும்பம் நீலகிரியில் இருக்கிறது, 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி வந்தவர்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பலசரக்குக் கடைக் கணக்கு மாதிரி பிரித்தார்களே, அந்த ஒப்பந்தம். அவர் பாட்டி சொல்வாராம்: இலங்கையில் 1948 குடியுரிமைச் சட்டம் வந்தபோது அங்கே "உன் அப்பா இங்கே பிறந்ததற்குச் சான்று கொடு" என்றார்கள். இங்கே வந்தபோது "உன் பூர்வீகம் எந்த ஊர், காட்டு" என்றார்கள். நாம் ஞாயிற்றுக்கிழமை ஆர்வத்துக்குத் தேடுகிறோம். அவர்களுக்கு வம்சாவளி ரேஷன் கார்டு விஷயம்.

அதனால் அந்தக் குடும்பங்களில் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். குடியுரிமை விண்ணப்பம், பாஸ்போர்ட், தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்த அட்டை. கேட்கும்போது மட்டும் பக்குவமாகக் கேளுங்கள். கோப்பைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்து கேள்வி கேட்டாலே பழைய பயம் வரும்.

2023 ஜூலை 9

இதுவரை ஆண்களையே துரத்திக்கொண்டிருக்கிறோம், கவனித்தீர்களா?

அம்மா வழிக்கு நான் நம்புவது மொய் நோட்டு. என் அத்தை கல்யாணத்து நோட்டு ஒன்று கிடைத்தது. அட்டை போய்விட்டது, மூலையெல்லாம் மஞ்சள் கறை. ஒவ்வொரு வரியிலும் ஊர் முதலில், பிறகு பெயர், பிறகு தொகை. சில இடத்தில் "தாய்மாமன்", "பெரிய சம்பந்தி" என்று ஓரத்தில் சின்னக் குறிப்பு. யார் அதிகம் எழுதினார்களோ அவர்கள் நெருங்கிய சொந்தம், அல்லது பழைய மொய்யைத் திருப்பிச் செய்கிறவர்கள். எங்கள் பாட்டி பிறந்த ஊர் எது என்பதில் வீட்டில் இரண்டு கட்சி இருந்தது. நோட்டில் ஒரே ஊரிலிருந்து வரிசையாகப் பெரிய தொகைகள் விழுந்திருந்ததைப் பார்த்ததும் ஒரு கட்சி கலைந்தது.

அடுத்தது விடுதலைப் பத்திரம். தமிழ்நாட்டில் 1989இல் பெண்களுக்குச் சம பங்கு என்று சட்டம் வந்த பிறகு, "எனக்குப் பங்கு வேண்டாம்" என்று அக்கா தங்கைகளிடம் எழுதி வாங்குவது பெருகியது. நியாயமா என்பது வேறு சண்டை. ஆனால் அந்தப் பத்திரத்தில் எல்லாப் பெண்களும் கணவர் பெயரோடும் ஊரோடும் வரிசையாக நிற்பார்கள். அவர்களை வெளியே அனுப்ப எழுதிய காகிதத்தில்தான் அவர்களை முழுதாகப் பார்க்க முடிகிறது.

கருமாதிப் பத்திரிகையையும் தூக்கிப் போடாதீர்கள்.

2023 ஆகஸ்ட் 20

எச்சில் துப்பி அனுப்பும் டி.என்.ஏ. பரிசோதனை பற்றி. செய்யலாம், ஆனால் "மூன்றாம் நிலை உறவு" என்று கணினி சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மாமன் மகள், அத்தை மகள், அக்காள் மகள் என்று உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொண்ட கூட்டம் நாம். ஒரே மூதாதையிடமிருந்து இரண்டு மூன்று வழியில் ரத்தம் இறங்கியிருக்கும். அதனால் தூரத்து உறவும் கிட்டத்து உறவு போலத் தெரியும். டர்பன் அம்மாவும் நானும் செய்யலாமா என்று பேசினோம். பொருந்தாவிட்டால் இத்தனை நாள் பழகியது என்ன ஆவது என்று இரண்டு பேருக்கும் தயக்கம். இன்னும் செய்யவில்லை.

2023 ஆகஸ்ட் 21

"பட்டியலில் சாதி இருக்கிறது என்றீர்களே, உங்கள் ஆளுக்கு என்ன போட்டிருந்தது?"

வேறு ஏதோ போட்டிருந்தது, நாங்கள் சொல்லிக்கொள்வது இல்லை. அதற்காக அவர் வேறு ஆள் ஆகிவிட மாட்டார். கப்பலேறும் முன் ஆட்களைச் சேர்த்த டிப்போவில் நிற்கும்போது எதைச் சொன்னால் எடுப்பார்கள் என்று பார்த்துச் சொன்னவர்கள் உண்டு, குமாஸ்தா தன் இஷ்டத்துக்கு எழுதியதும் உண்டு, வேண்டுமென்றே கழற்றிப் போட்டுவிட்டு ஏறியவர்களும் உண்டு. அந்தக் கட்டத்தைச் சான்றாக எடுப்பவர்கள் ஏமாறுவார்கள். தொடர்ந்து கேட்கிறவருக்கு: பட்டியலின் படத்தை இங்கே போட மாட்டேன்.

2024 ஜனவரி 17

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். "பெயர் எதற்கும் உதவாது" என்று முதல் குறிப்பில் எழுதியதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆளைப் பிடிக்க உதவாது, சரி. ஆனால் குலதெய்வத்தைப் பிடிக்க உதவும். எங்கள் குலதெய்வம் பச்சையம்மன், அதனால் வீட்டுக்கு ஒரு பச்சையம்மாள் இருப்பாள், முனுசாமியும் அந்தக் கோயில் முனீஸ்வரனிடமிருந்து வந்ததுதான். டர்பன் குடும்பத்திலும் பச்சையம்மாள்கள் மூன்று தலைமுறையாக வருகிறார்கள். ஏன் அந்தப் பெயர் என்று அவர்களுக்குத் தெரியாது, மூத்த பெண்ணுக்கு வைப்பது வழக்கம் என்று மட்டும் தெரியும். குமாஸ்தா குழப்பிய ஊர்ப் பெயர் பொருந்தும் நான்கு ஊர்களில், பச்சையம்மன் கோயிலுக்குக் குலதெய்வக்காரர்கள் இருப்பது எங்கள் ஊரில் மட்டும்தான். பத்திரத்தைவிட எனக்கு இது வலுவாகப் படுகிறது.

2024 ஜனவரி 18

இந்தச் செய்தி ஊரில் பரவியதும் பங்காளி வீட்டில் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டது: "அந்தம்மா வந்தால் பங்கு கேக்குமா?"

சிரிக்காதீர்கள், வெளிநாட்டிலிருந்து வேரைத் தேடி வருகிறவர்களுக்குப் பல ஊர்களில் கதவு திறக்காததற்கு இதுதான் காரணம். 1923இல் சிற்றப்பன் பங்கைச் சேர்த்துக்கொண்ட வரி எல்லோருக்கும் இப்போது ஞாபகம் வந்துவிட்டது. வருகிறவர்கள் முதல் நாளே பத்திரத்தைக் கேட்காதீர்கள். கோயிலைக் கேளுங்கள். நிலம் பற்றிய பேச்சை அவர்களே எடுக்கட்டும்.

2024 ஜூன் 30

டர்பன் அம்மா வந்து போனார். மகனும் கூட வந்தான், தமிழ் தெரியாது, பாட்டு மட்டும் சில தெரியும். கூழ் ஊற்றினோம், மொட்டை போட்டார்கள். விவரிக்க மாட்டேன், எல்லாரும் இந்த மாதிரிக் காட்சியை நிறையப் படித்திருப்பீர்கள்.

உபயோகமான செய்தி வேறு. கோயிலில் தலைக்கட்டு வரி நோட்டு இருக்கிறது. திருவிழாவுக்குக் கல்யாணமான ஒவ்வொரு ஆணையும் ஒரு தலைக்கட்டாக எண்ணி வரி போடுவார்கள். பழைய நோட்டுகளைக் கட்டி வைத்திருந்தார்கள். எந்த வருஷம் யார் புதிதாக நுழைகிறார், யார் பெயர் அடிபடுகிறது என்று வரிசையாகப் பார்த்தால் கல்யாணமும் சாவும் தானாக வந்துவிடுகிறது. நிலமில்லாதவர்கள் பெயரும் உண்டு. ஜூன் 11இல் கேட்டவருக்கு ஒரு வருஷம் கழித்து வருகிற பதில் இதுதான்.

டர்பன் குடும்பத்தை நோட்டில் சேர்க்கலாமா என்று பேச்சு வந்தது. பெரியவர்கள் சேர்க்கலாம் என்றார்கள். எங்கள் பெரியப்பா மட்டும், 1896இலிருந்து பாக்கி இருக்கிறதே, அதை யார் கட்டுவது என்றார். பங்கு கேட்பாரா என்று பயந்தவர்களுக்கு இப்போது தெம்பு வந்துவிட்டது.

2024 ஜூலை 1

நோட்டைப் படம் எடுக்க விடுவார்களா என்று நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். விடுவார்கள், உங்கள் குடும்பமும் வரி கட்டியிருந்தால். ஆடி பிறப்பதற்குள் போய்விடுங்கள். வசூல் தொடங்கிவிட்டால் நோட்டு தர்மகர்த்தா கையைவிட்டு இறங்காது.

அந்தந்த ஊர் அம்மனுக்கு வேறு மாதத்தில் திருவிழா என்றால் அதற்கேற்பப் பார்த்துக்கொள்ளுங்கள்.